பாசிக்குடாவைப் பிறகு பார்க்கலாம்

மட்டக்களப்புக்குப் புதிதாக நியமனம் கிடைத்து வருகிற எந்தத் தாதியிடமும் இந்த ஊர் இரண்டு கேள்விகளைக் கேட்கும். முதலாவது, "சொந்த ஊர் எது, மிஸ்ஸி?" இரண்டாவது, "பாசிக்குடாவுக்குப் போயிட்டீங்களா?"

எங்கள் தோழி ஒருத்தி இரண்டாவது கேள்விக்கு ஒன்றரை வருடமாக "இன்னும் இல்ல" என்றே பதில் சொல்லி வந்தாள். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வாசிப்புச் சந்திப்பு ஒன்றுக்கு யாரோ கூட்டி வந்து அறிமுகமானவள். ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்டோம், "இஞ்ச வந்ததில இருந்து என்னென்ன பாத்தீங்க?" அவள் விரல் விட்டு எண்ணினாள். வார்ட். போடிங் ரூம். பஸ் ஸ்டாண்ட். சாமான் வாங்குகிற கடை. நாலு விரலோடு கை நின்றுவிட்டது.

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. 'மீன்பாடும் தேனாடு' என்று மேடைக்கு மேடை முழங்குகிற ஊர் இது. இங்கே ஒன்றரை வருடம் இருந்த ஒருத்திக்கு வாவிக் கரையில் ஆறுதலாக இருக்க ஓர் இடம் தெரியவில்லை. அது அவளுடைய பிழை என்று நாங்கள் நினைக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறோம். பாதி, இந்த ஊருக்கு வேலைக்கு வருகிற தாதியருக்கு. மற்றப் பாதி, இந்த ஊர்க்காரருக்கு.

நேரத்தைப் பார்த்து ஊரைப் பார்க்க வேண்டும்

மட்டக்களப்பில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள், பதினைந்து இடங்கள் என்று இணையத்தில் நிறையப் பட்டியல் கிடக்கிறது. எல்லாவற்றிலும் பாசிக்குடாதான் முதலில் இருக்கும். அந்தப் பட்டியல்களில் ஒரு குறை: எல்லாம் வானும் வார இறுதியும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. தாதிக்கு வார இறுதி என்று ஒன்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இருக்கும். புதன்கிழமை லீவு இருக்கும். ஊரெல்லாம் வேலைக்குப் போகிற நேரத்தில் அவள் நித்திரைக்குப் போவாள். சேர்ந்து போகலாம் என்றால் ரூம் தோழிக்கு வேறு ஷிஃப்ட்.

எங்கள் தோழியின் வார்ட்டில் காலை ஏழில் இருந்து ஒன்று, ஒன்றில் இருந்து பின்னேரம் ஏழு, ஏழில் இருந்து மறுநாள் காலை ஏழு என்று மூன்று துண்டாக நாள் வெட்டப்பட்டிருக்கிறது. ஆகவே எங்கள் பட்டியலையும் அப்படியே வெட்டினோம். அவளையும் வைத்துக்கொண்டு, ஆறு மாதமாக நடந்தும் பஸ்ஸிலும் போய்ப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு மணிக்கு டியூட்டி முடிகிற நாள்

ஒரு மணி வெயிலில் எங்கும் போக வேண்டாம். மலைநாட்டில் இருந்து வந்தவர்களுக்கு இதை இரண்டு தரம் சொல்ல வேண்டும். சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, நாலரைக்கு வெளிக்கிடுங்கள்.

முதல் பின்னேரத்தைப் புளியந்தீவுக்குக் கொடுங்கள். நகரத்தின் பழைய நடுப்பகுதி ஒரு சின்னத் தீவு என்பதே வந்து பல மாதமான ஆட்களுக்குத் தெரியாது. பாலங்களால் பஸ் ஓடுவதால் தீவு என்ற எண்ணமே வராது. கோட்டை அங்கேதான். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, பத்து வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் கைக்குப் போனது. இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதலாவது போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். கோட்டையின் இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. காந்திப் பூங்காவில் கொஞ்சம் இருந்துவிட்டு, கரையோரமாக நடந்தால் பழைய பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் வரும். மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் தொடங்கியது. ஆறுதலாக நடந்தாலும் ஒரு பின்னேரம் போதும். ஒரு சதமும் செலவில்லை.

இரண்டாவது பின்னேரம் கல்லடிப் பாலம். பழைய இரும்புப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது; அப்போதைய ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்து பெரிய வாகனங்கள் அந்தப் பக்கம் போனதில் இருந்து, பழைய பாலம் நடக்கிறவர்களுக்கு நல்லதாகிவிட்டது. தூண்டில் போடுகிறவர்கள் நிற்பார்கள். அவர்களோடு கதை கொடுத்தால் இந்த வாவியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லாதது எல்லாம் வரும். பொழுது படும்வரை நில்லுங்கள். 50 கிலோமீற்றருக்கு மேல் நீளமான வாவி இது. அது முழுக்கச் செம்மஞ்சளாக மாறுகிற அந்தப் பத்து நிமிடம் போதும், காலையில் வார்ட்டில் பட்ட பேச்செல்லாம் மறந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை. வாவிக்குள் குளிக்க இறங்க வேண்டாம். முதலை இருக்கிறது. பகிடி இல்லை.

ஒரு மணிக்கு டியூட்டி தொடங்குகிற நாள்

இதைத்தான் ஆட்கள் அதிகம் வீணாக்குகிறார்கள். பதினொரு மணிவரை படுத்திருந்து, அரக்கப் பரக்கச் சமைத்து, ஓடுகிற நாள். எங்கள் தோழியும் அப்படித்தான். ஆனால் மட்டக்களப்பின் மிக நல்ல நேரம் விடிய ஐந்தரையில் இருந்து எட்டுவரை.

கல்லடிக் கடற்கரையில் சூரியன் நேராகக் கடலில் இருந்து எழும்பும். அங்கே இருந்து வாவிப் பக்கமாகத் திரும்பி வந்தால் கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளின் சமாதி. காரைதீவில் 1892இல் பிறந்து, 1947இல், தன் 'யாழ் நூல்' வெளிவந்த அதே வருடத்தில் மறைந்தவர். அவர் பெயரைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய பிள்ளைதான் எங்கள் தோழியும். சமாதி இருப்பது தன் போடிங்கில் இருந்து இவ்வளவு கிட்ட என்று அவளுக்குத் தெரியாது. "இவரைப் பத்தி நான் பத்து மார்க் எழுதியிருக்கேன்" என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

அந்தப் பக்கம் போனால் நாவலடிக்கும் ஒருமுறை போய் வாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு துண்டு மணல். 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தக் கிராமத்தை அப்படியே வாரிக்கொண்டு போனது. இதைச் சுற்றுலா என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் உங்கள் வார்ட்டில் படுத்திருக்கிற அம்மா ஒருவர் கடல் என்றதும் ஏன் பேச்சை மாற்றுகிறார் என்று விளங்க வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும்.

கடலில் இறங்குவது பற்றி: கல்லடிக் கடல் அலை கூடியது, நீந்துகிற கடல் இல்லை. மாரி மாதங்களில் கிட்டவும் போக வேண்டாம்.

நைட் முடிந்த நாள்

படுங்கள். இதற்கு எங்களிடம் வேறு யோசனை இல்லை.

எழும்பின பிறகு பின்னேரம் காற்று வாங்க வேண்டுமென்றால் பாலமீன்மடு வெளிச்சவீடு இருக்கிறது. 1913இல் கட்டியது. நகரத்தில் இருந்து சுமார் ஐந்து கிலோமீற்றர், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். ஓட்டோவில் போவதென்றால் திரும்பி வருவதையும் முதலே பேசிக்கொள்ளுங்கள், அங்கே நின்று ஓட்டோ பிடிப்பது கஷ்டம்.

நைட் டியூட்டியில் பழகின கண்ணுக்கு இன்னொரு பலனும் உண்டு. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் கிராமங்களில் விடிய விடிய நடக்கும். ஊர்க்காரரே இரண்டு மணிக்குக் கோயில் வீதியில் பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். நீங்கள் கடைசிவரை முழித்திருப்பீர்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு வரும். யாராவது ஊர்ச் சிநேகிதியோடு ஒன்றுக்குப் போய்விடுங்கள். சிலப்பதிகாரத்துக் கண்ணகியை வீட்டுக்குப் பெரியவள்போல அழைத்து ஆற்றி அனுப்புகிற ஊர் இது. அதை இங்கே நின்று பார்த்தால்தான் விளங்கும்.

முழு நாள் லீவு

தனி ஒரு நாள் கிடைத்தால் வாவியைக் கடந்து போங்கள். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே படுகிற பக்கம் படுவான்கரை. நகரமும் கடையும் ஆஸ்பத்திரியும் எழுவான்கரையில். வயலும் மாடும் படுவான்கரையில். உங்கள் நோயாளிகளில் கனபேர் அங்கே இருந்துதான் விடிய வெளிக்கிட்டு வருகிறார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கே பாதைப்படகில்தான் கடந்தார்கள். பஸ்ஸில் ஏறிக் கொக்கட்டிச்சோலைக்குப் போங்கள். தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல் நந்தி உண்டு. போர்த்துக்கேயன் இடிக்க வந்தபோது புல்லுத் தின்று எழும்பி உதைத்த நந்தி என்று கதை. திரும்பும்போது தயிர் வாங்கிக்கொண்டு வாருங்கள். பதுளைக்குக் கொண்டுபோகிறதென்றால் சட்டியை நன்றாகக் கட்டச் சொல்லுங்கள். ஒன்று வழியிலே கவிழ்ந்த அனுபவம் எங்கள் தோழிக்கு உண்டு.

இன்னொரு நாள் காத்தான்குடி. தெற்கே ஐந்தாறு கிலோமீற்றர்தான். வீதி நடுவில் ஈச்சமரம் வரிசையாக நிற்கும். பிரதான வீதியிலேயே பூர்வீக நூதனசாலை, கிழக்கு முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையை ஆளுயர உருவங்களோடு வைத்திருக்கிறார்கள். பின்னேரமானால் தெருவெல்லாம் சாப்பாட்டு மணம். தமிழரும் முஸ்லிமும் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்று கிழக்கில் சொல்வோம். சொன்ன அளவுக்கு நடந்துகொண்டோமா என்பது வேறு கதை. இரண்டு பக்கமும் காயம் இருக்கிறது. ஆனால் ஒரே வார்ட்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு ஊர் நோயாளிகளையும் பார்க்கிற உங்களுக்கு, இரண்டு ஊரையும் நடந்து பார்க்கிற உரிமை எங்கள் எல்லாரையும்விடக் கூட.

பாசிக்குடா இப்போதுதான் வருகிறது. வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். பஸ்ஸிலும் போகலாம், கல்குடாவுக்கு ரயிலிலும் போகலாம். தண்ணீர் தூரம்வரை முழங்காலளவுதான், அலை இல்லை, நீந்தத் தெரியாதவர்களும் இறங்கலாம். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர்வரை நல்ல காலம். அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு நாளில் பார்த்து முடிகிற இடம். நீங்களோ இங்கே வருடக்கணக்காக வாழ வந்திருக்கிறீர்கள். அதனால்தான் அதைக் கடைசியில் வைத்தோம்.

இரண்டு நாள் சேர்ந்து லீவு கிடைத்தால்? அதற்குப் பட்டியல் போட மாட்டோம். வீட்டுக்குப் போங்கள். அம்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

'மறுகா' என்றால் என்ன

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். ஒரு சின்னச் சம்பவம்.

வந்த புதிதில் எங்கள் தோழி ஒரு வயதான அம்மாவுக்கு மருந்து நீட்டினாளாம். அவர், "மறுகா குடிக்கன் மகள்" என்றார். தமிழ்தான். ஆனால் தோழிக்கு விளங்கவில்லை. மறுக்கிறார் என்று நினைத்து, குடிக்க மாட்டேன் என்கிறார் என்று எழுதப்போய்விட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்து, "பிறகு குடிப்பாவாம், மிஸ்ஸி" என்று சொன்ன பிறகுதான் விசயம் தெரிந்தது. மறுகா என்றால் பிறகு.

தமிழே தாய்மொழியான ஒருத்திக்கு இப்படி என்றால், குருநாகலில் இருந்தோ மாத்தறையில் இருந்தோ வருகிற சிங்களத் தாதியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மொழி வகுப்பில் படிக்கிற தமிழ் ஒன்று. மீன் சந்தையில் "என்னகா, இண்டைக்கு இறால் இல்லையா" என்று காதில் விழுகிற தமிழ் வேறொன்று. வார்ட்டில் நோயாளி இந்த இரண்டாவது தமிழில்தான் முனகுவார். அதைக் கற்றுக்கொள்ள ஒரே வழி ஊருக்குள் திரிவது. ஊரில் சும்மா திரிந்த நேரம் வேலைக்கும் உதவுகிறது என்பது உண்மை.

ஆனால் அந்த நியாயத்தோடு நிறுத்த எங்களுக்கு விருப்பமில்லை. நல்ல தாதியாக வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருத்தி பொழுது படுவதைப் பார்க்கத் தேவையில்லை. ஒரு பிரயோசனமும் இல்லாமலும் பார்க்கலாம். மற்ற எல்லாருக்கும் அந்தச் சுதந்திரம் இருக்கிறது.

இப்ப ஊர்க்காரருக்கு

எங்கள் தோழி ஏன் ஒன்றரை வருடம் எங்கும் போகவில்லை? களைப்பு ஒரு காரணம். தெரியாத ஊர் இன்னொரு காரணம். ஆனால் நாலைந்து மாதம் பழகிய பிறகு உண்மையான காரணத்தைச் சொன்னாள். எப்போது வெளியே போய் வந்தாலும் போடிங் வாசலில் ஒரு கேள்வி நிற்கும்: "எங்க போயிட்டு வாறீங்க, மகள்?" பாசத்தோடுதான் கேட்பார்கள். ஆனால் பதில் பிடிக்காவிட்டால் அடுத்த நாள் அது அடுத்த வீட்டுக்கும் தெரியும். "தனியாவா? ஆரோட? இந்த நேரத்தில அங்க என்ன?" அதனால் அவள் கண்டுபிடித்த பதில் ஒரே ஒரு சொல்: "டியூட்டி." டியூட்டி என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இரவு ஏழு மணிக்குத் தனியாக வெளிக்கிட்டாலும் டியூட்டி என்றால் சரி. அதே ஏழு மணிக்கு வாவிக் கரையில் இருந்து கடலை சாப்பிட்டால் பிழை.

யோசித்துப் பாருங்கள். எங்கள் அப்பாவுக்கு நடுச்சாமத்தில் நெஞ்சு வலித்தால் இந்தப் பிள்ளை முழித்திருக்க வேண்டும். 2004இல் சுனாமி வந்த நாளிலும், 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாளிலும் காயப்பட்டவர்களைத் தாங்கியவர்கள் தாதியரும் வைத்தியரும் சிற்றூழியர்களும்தான். அவர்களில் எத்தனை பேர் வெளியூர்க்காரர் என்று நாங்கள் அன்று கேட்டோமா? இல்லை. நடமாடினால் மட்டும் கேட்கிறோம்.

பிறகு, "வெளியூர் ஸ்டாஃப் இஞ்ச நிக்க மாட்டாங்க, வந்த உடனே ட்ரான்ஸ்ஃபர் எழுதிக் குடுப்பாங்க" என்று நாங்களே குறைபடுகிறோம். மாற்றம் கேட்கப் பல காரணம் இருக்கும், பிள்ளை, பெற்றோர், சம்பளம் என்று. எல்லாவற்றையும் ஊர் தீர்க்க முடியாது. ஆனால் நாலு விரலுக்கு மேல் எண்ண முடியாத ஊரில் யார்தான் நிற்பார்கள்?

நாங்கள் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. போடிங் வைத்திருப்பவர்கள் படலை பூட்டுகிற நேரத்தை டியூட்டிக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று என்று வைக்காதிருக்கலாம். கரையில் தனியே இருக்கிற பெண்ணைப் பார்த்து மோட்டார் சைக்கிளை மெதுவாக்குகிற தம்பிமார் பேசாமல் போகலாம். கடற்கரையிலும் பூங்காவிலும் இரவில் எரிகிற விளக்கும், பெண்கள் போகக்கூடிய கழிவறையும் வேண்டும் என்று வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் எல்லாரும் கேட்கலாம். இவை தாதியருக்கு மட்டும் இல்லை, எங்கள் அக்கா தங்கச்சிகளுக்கும்தான். அவர்களும் இந்த வாவியைப் பஸ் யன்னலால்தான் பார்க்கிறார்கள்.

பாடும் மீன்

ஒருநாள் தோழி கேட்டாள், "மீன் பாடும்னு சொல்றீங்களே, நீங்க கேட்டிருக்கீங்களா?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. பிறந்து வளர்ந்த நாங்களே.

ஒரு பறுவ நாளுக்காகக் காத்திருந்து, அவளுடைய ரோஸ்டரையும் பார்த்து, தெரிந்த ஒருவரின் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குப் போனோம். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியில் காதை வைக்க வேண்டும். மீனா, சிப்பியா, வேறு எதுவுமா என்று இன்னும் வாதம் முடியாத சத்தம் அது. எங்களில் ஒருவர் தவளை என்றார். ஒருவர் தந்திக் கம்பியை மீட்டினதுபோல என்றார். இன்னொருவருக்குப் பாலத்தால் போன ஓட்டோ மட்டும்தான் கேட்டது. தோழி நெடுநேரம் காதை எடுக்கவே இல்லை. கேட்டதா என்று கேட்டதற்கு, "பேசாம இருங்க" என்றாள்.

திரும்பி வர ஒன்பது மணி தாண்டிவிட்டது. போடிங் வாசலில் வழமையான கேள்வி: "எங்க போயிட்டு வாறீங்க, மகள்?"

"பாலத்தடிக்குக்கா. மீன் பாடுதான்னு பாக்க."

வீட்டுக்கார அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு கேட்டாராம், "கேட்டுதா? நான் இந்த வயசுக்கும் போய்க் கேட்டதில்ல."

அடுத்த பறுவத்துக்குத் தோணியில் அவருக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறோம்.